வேஷம் கலைக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும்

எங்கள் காலனி வீட்டில் சுவரில் தொங்கிய படங்கள் இரண்டுதான். ஒன்று அண்ணல் அம்பேத்கர். இன்னொன்று, ஊர்த்தெரு மளிகைக் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த லட்சுமி காலண்டர். தாமரை மேலே நிற்கிற, நாலு கை, யானை இருக்கிற லட்சுமி. பக்கத்து வீட்டில் வேதக்கார சனங்கள். அவர்கள் சுவரில் வேளாங்கண்ணி மாதா. எதிர்வீட்டு அண்ணன் கதவின் உள்பக்கம் சினிமா நடிகை படம் ஒட்டியிருப்பார். நான்காவதாக ஒரு படம் உண்டு. அது சுவரில் இல்லை. ஆயாவின் தகரப் பெட்டிக்குள், சேலைக்கு அடியில், நாலாக மடித்து வைத்திருந்த மாலைப் பத்திரிகைத் துண்டு. அதில் எங்கள் சின்னம்மா இருந்தார். கையில் நம்பர் எழுதிய சிலேட்டுப் பலகை.

இந்த நாலு படங்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சாமி படம் வேறு, சினிமா படம் வேறு, போலீஸ் படம் வேறு என்றுதானே நினைப்போம். ஒரு பெண்கள் அமைப்பின் கூட்டத்தில், திரையில் படங்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லட்சுமி வந்தார். வேளாங்கண்ணி மாதா வந்தார். சவுக்கு பிடித்த சினிமாக்காரி வந்தார். அப்புறம் காவலில் இருக்கும் பெண்கள் வந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே முகம். புகைப்படக் கலைஞர் புஷ்பமாலாவின் முகம். கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்புதான், கேலி இல்லை. ஆனால் 'கிரிமினல்ஸ்' என்ற தலைப்போடு அந்தப் படம் வந்தபோதும் அதே சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்பைப் பற்றியது.

*

புஷ்பமாலா 1956இல் பெங்களூரில் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் படித்தவர். தொண்ணூறுகளின் நடுவில் சிற்பத்தை விட்டுக் கேமராவுக்கு வந்தார். கேமராவுக்குப் பின்னால் அல்ல, முன்னால். படத்தை வேறொருவர் எடுப்பார். இவர் வேஷம் கட்டி நிற்பார். 1996-98இல் பம்பாயை வைத்து 'ஃபேண்டம் லேடி' என்றொரு தொடர் செய்தார். முகமூடி போட்ட சாகசக்காரி, பழைய ஸ்டண்ட் படத்துப் பாணி. 1998இல் 'சுனேரே சப்னே', அதாவது பொற்கனவுகள். நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பெண்ணின் ஆசைகளைக் கையால் வண்ணம் பூசிய படங்களாக்கியது. அதற்குப் பிறகு இந்திப்பட நட்சத்திரங்களைப் படமெடுத்துக் காலங்கழித்த ஜே.எச். தாக்கர் என்ற பழைய ஸ்டுடியோக்காரரிடம் போய், அந்தக் காலத்து ஒளியமைப்பிலேயே தன்னைப் படமெடுக்கச் செய்தார்.

அமெரிக்காவில் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை, எடுக்கப்படாத சினிமாக்களின் ஸ்டில்கள் போலத் தன்னையே படமெடுத்து ஒரு தொடர் செய்தார். புஷ்பமாலாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் உடனே அந்தப் பெயரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒப்புமை தவறில்லை. ஆனால் ஷெர்மன் கட்டிய வேஷத்துக்குச் சாதி கிடையாது. இங்கே வேஷம் என்றாலே சாதி. இதைத்தான் கலை விமர்சகர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நான் பேச வந்தது 2000 முதல் 2004 வரை, பெங்களூரில் வாழும் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து அவர் செய்த தொடரைப் பற்றி. பெயர் 'நேட்டிவ் விமன் ஆஃப் சவுத் இந்தியா: மேனர்ஸ் அண்ட் கஸ்டம்ஸ்'. தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள், அவர்தம் நடையுடை பழக்கவழக்கங்கள். வெள்ளைக்காரன் எழுதிய ஜாதிப் புத்தகங்களின் தலைப்பைப் போலவே வேண்டுமென்று வைத்த பெயர். பத்து 'வகை' பெண்கள். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், குளத்திலிருந்து திரும்புகிறவள், லட்சுமி, பீஜப்பூர் ஓவியத்து யோகினி, வேளாங்கண்ணி மாதா, எழுபதுகளின் தமிழ்ப்படத்தில் சவுக்கு சுழற்றுகிறவள், பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவெடுப்புப் படத்துத் தோடர் பெண், 2001ஆம் வருஷச் செய்தித்தாளில் வந்த 'குற்றவாளிகள்' என இப்படிப் போகிறது. ஏற்கெனவே இருக்கிற ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதே திரை, அதே நகை, அதே ஒளி என்று கட்டியெழுப்பி, நடுவில் போய் நின்றுகொள்கிறார்.

இதில் என்ன அரசியல்? பெண் என்பவள் இயற்கையாக இப்படி இருப்பதில்லை, படங்கள்தான் அவளை இப்படி ஆக்கி வைத்திருக்கின்றன என்பது. தேவியும் அச்சடித்த சரக்கு. குற்றவாளியும் அச்சடித்த சரக்கு. இரண்டையும் ஒரே உடம்பு போட்டுக் கழற்றிக் காட்டினால், இரண்டுமே சட்டைதான் என்று தெரிந்துபோகும். நல்ல வாதம். இதை முதலில் ஒப்புக்கொண்டுதான் நான் மேலே பேசுகிறேன்.

*

லட்சுமியை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டுக்கு அவர் எப்படி வந்தார்? கோவில் வழியாக வரவில்லை. கோவிலுக்குள் எங்களை எவன் விட்டான்? மளிகைக் கடை வழியாக வந்தார். கீழே கடை பெயர், போன் நம்பர். வருஷம் முழுக்க அங்கே கடன் வாங்கினோம் என்பதற்கான ரசீது மாதிரி அந்தக் காலண்டர்.

ரவிவர்மா 1894இல் பம்பாயில் லித்தோ அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் தொழில்நுட்பக்காரர்களை வைத்துத் தன் தேவிகளை ஆயிரக்கணக்கில் கலரில் அச்சடித்தார். பிற்பாடு அச்சகமே ஷ்லைகர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. அந்தப் பாணி காலண்டருக்கும் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் ஊதுவத்திக்கும் இறங்கியது. கருவறைக்குள் பூட்டிவைத்திருந்த சாமியைச் சந்தை தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டது, இது ஒரு சனநாயகம் என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு. காசு கொடுத்தால் யாருக்கும் லட்சுமி. சரி. ஆனால் வந்த லட்சுமி யார் வீட்டுப் பெண் மாதிரி வந்தார்? சிவந்த மேனி, பட்டுச்சேலை, முழுக்கை நகை. உழைக்காத கை. எங்கள் அம்மா நாற்று நடுகிற கையோடு அந்தக் காலண்டரில் பால் கணக்கு எழுதச் சொல்வார். தேதிக் கட்டத்தைத் தாண்டி அந்த அம்மாளின் கைக்கும் எங்கள் அம்மா கைக்கும் எந்த உறவும் இல்லை.

சந்தை எங்களுக்குச் சாமியை விற்றது. சாமியின் உடம்பாக எங்கள் உடம்பை ஏற்கவில்லை. நகைக்கடை விளம்பரத்தில் இன்றைக்கும் நிற்பது அதே லட்சுமிதான், ஆளைத்தான் மாற்றுகிறார்கள். புஷ்பமாலாவின் படம் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைப் பிடித்துக் காட்டுகிறது. தாமரை அட்டை, யானை செட்டு, கூடுதல் கைகள் ஒட்டவைத்தவை என்று பார்க்கிற யாருக்கும் தெரியும். தெய்வீகத்தை மேடைச் சாமானாக்கி வைக்கிறார். அந்தக் காரியத்துக்காக அவருக்கு ஒரு வணக்கம்.

*

ஆனால் உடை என்பது வெறும் மேடைச் சாமானா?

ரவிவர்மா பிறந்தது 1848, திருவிதாங்கூர் கிளிமானூரில். அவருக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது, 1859இல், அதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. பல பத்தாண்டுகள் அடிபட்டு, சேலை கிழிபட்டு, வீடு எரிபட்டு வாங்கிய ஆணை. அதிலும் ஒரு நிபந்தனை: மேல்சாதிப் பெண்கள் அணிகிற விதத்தில் அணியக் கூடாது! அந்த மண்ணிலிருந்து போனவர்தான் இந்தியப் பெண்ணுக்கே சேலை கட்டிக் காட்டிய ஓவியர் என்று பெயர் வாங்கினார்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு 'குளத்திலிருந்து திரும்புதல்' படத்தைப் பாருங்கள். குடம் சுமந்த அழகி. கவிதையில் வருகிறாள், சினிமாவில் வருகிறாள், காலண்டரில் வருகிறாள். எம்.ஏ. தமிழ் படித்தபோது எத்தனை பாட்டில் இவளைச் சந்தித்தேன் என்று கணக்கே இல்லை. இது பெண்ணைப் பற்றிய ஒரு வார்ப்பு, ஆண் கண்ணுக்காக வார்த்தது என்று பெண்ணியத் தோழிகள் சொல்வார்கள். உண்மை. அதற்கு முந்தைய ஒரு கேள்வி எங்களுக்கு இருக்கிறது. குளத்துக்குப் போக இவளை விட்டவர்கள் யார்? 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் சவதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கான சனத்தைத் திரட்டிப் போக வேண்டியிருந்தது. குடித்ததற்கு அடி விழுந்தது. குளத்திலிருந்து ஒயிலாகத் திரும்புகிற உரிமை உள்ளவளைத்தான் 'பெண் வார்ப்பு' என்று வைத்து உடைக்க முடியும். குளத்துப் பக்கமே போக முடியாதவள் வார்ப்புக்குள்ளேயே வரவில்லை. வராதவளை எப்படி உடைப்பது? எங்கள் ஆயா குடத்தோடு ஊர்க் கிணற்றடியில் எட்டி நிற்பாராம், யாராவது இரங்கி ஊற்றுகிற வரைக்கும். அதற்கு ரவிவர்மா படம் இல்லை. ஆகவே புஷ்பமாலாவின் படமும் இல்லை.

இருக்கிற படங்களைத் திருப்பிச் செய்வது என்ற இந்த முறையின் எல்லை இங்கேதான் இருக்கிறது. ஆவணக் கிடங்கில் யார் அழகாக வைக்கப்பட்டார்களோ அவர்கள் திரும்ப வருவார்கள். கிடங்கிலேயே இல்லாதவர்கள் பகடியிலும் இல்லை. நாற்று நடுகிறவள், பீடி சுற்றுகிறவள், மலம் அள்ளுகிறவள் தென்னிந்தியச் சுதேசிப் பெண் கிடையாதா?

*

கிடங்கில் நாமும் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதற்குத்தான் தோடர் பெண் படமும் குற்றவாளிகள் படமும்.

லண்டனில் லாம்ப்ரே என்பவர் 1869இல் ஒரு முறை சொன்னார். மரச் சட்டத்தில் நூல் கட்டி இரண்டு அங்குலச் சதுரங்களாகக் கட்டம் போட்டு, அதன் முன்னால் 'சுதேசி'யை அம்மணமாக நிறுத்திப் படமெடு, உடம்பை அளந்துவிடலாம் என்று. இங்கே சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், ஊர் ஊராகப் போய் மண்டையையும் மூக்கையும் அளந்தார். தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றி 1909இல் ஏழு தொகுதி வெளியிட்டார். அதே தர்ஸ்டன் போலீஸ்காரர்களுக்கும் உடம்பு அளக்க வகுப்பெடுத்தார். இதை நாம் மறக்கக் கூடாது. மானுடவியல் அளவுகோலும் போலீஸ் அளவுகோலும் ஒரே பெட்டியில் இருந்தவை. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. பிறந்த குழந்தையே குற்றவாளி என்று பதிவேட்டில் ஏறியது. நாடு விடுதலையான பிறகு, 1952இல்தான் இந்தியா முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, கண் ஒழியவில்லை.

அம்பேத்கர் இந்த மூக்களவை விட்டுவைக்கவில்லை. 1948இல் வந்த 'தீண்டத்தகாதவர்கள்' நூலில், அவர்கள் எடுத்த கணக்கையே எடுத்து, பார்ப்பனர் மூக்கும் தீண்டத்தகாதவர் மூக்கும் வேறு இனம் என்று காட்டவில்லையே, உங்கள் விஞ்ஞானம் உண்மையென்றால் உங்கள் சாதிக்கு ஆதாரம் போச்சு என்று திருப்பியடித்தார். எதிரியின் கருவியைப் பிடுங்கி எதிரி மேலேயே வைப்பது. புஷ்பமாலா கட்டம்போட்ட பலகைக்கு முன்னால் போய் நிற்பதும் அந்த வகைக் காரியம்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் அளந்தாய், இன்றைக்கு நானே அளவு கொடுக்கிறேன், எதை அளப்பாய் என்கிற நக்கல் அதில் இருக்கிறது. தோடர் பெண் படத்தையும் லட்சுமி படத்தையும் ஒரே சுவரில் மாட்டியதால், லட்சுமியையும் அளந்துதான் செய்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. இது சாதாரணக் காரியமல்ல.

ஆனாலும் அம்பேத்கருக்கும் இவருக்கும் ஒரு வித்தியாசம். மூக்களவைத் திருப்பியடித்தவர் அளக்கப்பட்ட பக்கத்திலிருந்து வந்தவர். கட்டத்திரைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட அந்தத் தோடர் பெண்ணுக்கு எந்தப் பக்கமும் இல்லை. வெள்ளைக்காரன் புத்தகத்திலும் பெயர் 'தோடர்'. கலைக்கூடச் சுவரிலும் பெயர் 'தோடர்'. இடையில் நூறு வருஷம் போனதற்கு அடையாளமாகப் படத்தில் ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது. அது புஷ்பமாலாவின் பெயர்.

*

சின்னம்மா விஷயத்துக்கு வருகிறேன். டவுனில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போனது. வேறு எதுவும் விசாரிக்கவில்லை. சின்னம்மாவையும், கூட வேலை பார்த்த இன்னொரு அக்காவையும் கூட்டிப் போனார்கள். அன்றைக்கே படம் எடுத்தார்கள். மறுநாள் மாலைப் பத்திரிகையில் வந்தது. நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என் பென்சில் டப்பாவைத் தொடாதே, அவள் சின்னம்மா திருடி என்று பிள்ளைகள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. நாலு வருஷம் கேஸ் நடந்தது. விடுதலை ஆனது. அந்தச் செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. படம் மட்டும் தகரப் பெட்டியில் மிஞ்சியது. ஆயா அதைக் கிழித்துப் போடாமல் ஏன் வைத்திருந்தார் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் சின்னம்மாவின் வயசுக் காலத்துப் படம் அது ஒன்றுதான்.

ஆகவே என் கேள்வி இது. லட்சுமி வேஷத்தைக் கழற்றினால் புஷ்பமாலா. குற்றவாளி வேஷத்தைக் கழற்றினாலும் புஷ்பமாலா. சின்னம்மா எதைக் கழற்றுவார்? பத்து வேஷமும் கழற்றக்கூடியவை என்று காட்டுவது பெரிய விடுதலைதான், கழற்றி மாட்ட ஆணி இருக்கிறவர்களுக்கு. சாதி என்பது படமாக மட்டும் இல்லை. ஸ்டேஷனாகவும் கிணறாகவும் பென்சில் டப்பாவாகவும் இருக்கிறது. 'குற்றவாளிகள்' என்று தலைப்பு வைப்பது கிண்டல் என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கிண்டலை ரசிக்க, ஒரு தடவைகூட அந்தப் பலகையைப் பிடிக்காத கை வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கூட்டத்தில் சிரித்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். அவர்களில் யாருடைய சின்னம்மாவும் அப்படி நின்றதில்லை. அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமிருந்தும் சண்டைக்கு வருகிறார்கள். "கலையை இப்படிச் சாதிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் எதுவும் மிஞ்சாது தோழர்" என்கிறார் ஓவிய நண்பர் ஒருவர். கண்ணாடி நான் போட்டது இல்லை, படத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது அவருக்கு என் பதில். எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவரோ, "படிச்ச நகரத்து அம்மா நம்ம உடம்ப வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி வைக்குது, இதப் போயி எழுதிக்கிட்டு" என்றார். அதையும் நான் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டால் லட்சுமியையும் போலீஸ் படத்தையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிற கண்ணை எனக்கு யார் கொடுத்தார்கள் என்பதை மறைக்க வேண்டிவரும். அந்தக் கண் எனக்கு இந்தப் படங்களிலிருந்துதான் வந்தது. கடன் வாங்கியதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொடரிலேயே படங்கள் எப்படிச் செய்யப்பட்டன என்று காட்டுகிற ஒரு பகுதியும் உண்டு. திரைக்குப் பின்னால் நடப்பதை மறைக்கவில்லை அவர். அந்த நேர்மையை இன்னும் ஒரு எட்டு கொண்டுபோயிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். செய்தித்தாளில் வந்த அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள், கேஸ் நின்றதா விழுந்ததா என்று ஒரு வரி படத்துக்குக் கீழே இருந்திருந்தால், கூட்டம் அந்த இடத்தில் சிரித்திருக்காது.

*

போன மாதம் அந்தக் கேட்டலாக்கை இரவல் வாங்கி ஊருக்கு எடுத்துப் போனேன். சின்னம்மாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசனை. கடைசியில் காட்டினேன். குற்றவாளிகள் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவுங்களையும் புடிச்சிட்டாங்களா?"

"இல்ல சின்னம்மா, நடிச்சிருக்காங்க. வேஷம்."

"எதுக்கு?"

நான் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு நான் கட்டியிருந்தது உங்கம்மா சேல. கோர்ட்டுக்குப் போறப்ப எல்லாம் அதான் கட்டுனேன்" என்றார். அப்புறம் பக்கத்தைப் புரட்டினார். லட்சுமி வந்தது.

"இதுவும் அந்தம்மாதானா?"

"ஆமா."

விரலால் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். முந்தின பக்கத்துக்குப் போனார், மறுபடியும் லட்சுமிக்கு வந்தார். "ஒரே ஆளு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சிரித்தார். கூட்டத்தில் கேட்ட சிரிப்பு இல்லை இது. பிறகு, "இந்தப் படத்த மட்டும் கிழிச்சிக் குடுத்துட்டுப் போயேன், சொவத்துல ஒட்டிக்கிறேன்" என்றார்.

இரவல் புத்தகம். கிழிக்க முடியாது. கலர் ஜெராக்ஸ் எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். லட்சுமியை மட்டும் எடுப்பதா, இரண்டு பக்கத்தையும் சேர்த்து எடுப்பதா என்று அவரிடம் கேட்காமல் வந்துவிட்டேன்.